புதிய மேற்பார்வையாளருக்கு: கெட்ட செய்தி உங்களிடம் முதலில் வர வேண்டும்

மண்டபத்திலிருந்து தொண்டி வரையிலான கரையில் நண்டுச் சதை எடுக்கும் கம்பெனிகள், ஐஸ் கம்பெனிகள், கருவாட்டுக் கிடங்குகள், மீன் ஏற்றும் கூடங்கள் என்று பல பணியிடங்கள் இருக்கின்றன. நேற்றுவரை மேசையில் உட்கார்ந்து சதை எடுத்தவரோ, கல்லூரிப் படிப்பை முடித்துவிட்டு ராமநாதபுரத்தில் பஸ் ஏறி வந்தவரோ, ஒரு நாள் காலையில் முப்பது பேருக்கு மேற்பார்வையாளர் ஆகிவிடுகிறார். இயந்திரத்தை இயக்கவும் பதிவேடு எழுதவும் அவருக்குக் கற்றுக்கொடுக்கிறார்கள். முப்பது பேருடைய உழைப்புக்குப் பொறுப்பாக இருப்பது எப்படி என்று யாரும் உட்கார வைத்துச் சொல்வதில்லை. பதினேழு ஆண்டுகள் நண்டுக் கம்பெனிகளில் அந்தப் பொறுப்பில் இருந்தவன் நான். தவறு செய்து கற்றுக்கொண்டவற்றை, புதியவர் ஒருவர் முதல் சில மாதங்களில் செய்யவேண்டிய வரிசையிலேயே இங்கு எழுதுகிறேன்.

பணிவு என்றால் குழைந்து பேசுவது என்று பலர் எண்ணுகிறார்கள். உங்களுக்குக் கீழே வேலை செய்யும் ஒருவர் உங்களிடம் வந்து, "சார், இது சரியில்லை" என்று தயங்காமல் சொல்லும்படி உங்களை வைத்துக்கொள்வதையே நான் பணிவு என்கிறேன். கடலுக்குப் போகிறவர்களிடம் இது இயல்பாக இருக்கிறது. அணியத்தில், அதாவது படகின் முன்பக்கத்தில், நிற்கும் பதினெட்டு வயதுப் பையன் "பார் இருக்கு" என்று கடலடிப் பாறையைக் கண்டு கத்தினால், முப்பது வருடம் கடல் பார்த்த தண்டல், படகை ஓட்டுபவர், உடனே படகைத் திருப்புகிறார். "எனக்குச் சொல்ல நீ யார்" என்று அவர் கேட்டுக்கொண்டிருந்தால் படகு பாரில் ஏறிவிடும். கரையில் இருக்கும் நாம்தான் இதை முயன்று கற்க வேண்டியிருக்கிறது.

முதல் மூன்று நாள் மேசையில் உட்காருங்கள்

நோட்டும் பேனாவுமாக நின்றுகொண்டு தொடங்காதீர்கள். தலையுறை, முகக்கவசம், கையுறை போட்டுக்கொண்டு மற்றவர்களோடு மேசையில் உட்காருங்கள். ஆவியில் வெந்து ஆறிய நண்டின் மேலோட்டைக் கழற்றி, உள்ளே இருப்பதைச் சுத்தம் செய்து, உடலை இரண்டாகப் பிளந்து, சிறு கத்தியின் நுனியால் ஒவ்வொரு அறையிலிருந்தும் சதையை எடுக்க வேண்டும். பின்னால் இருக்கும் துடுப்புக் காலின் அடியில் உள்ள பெரிய சதைத் துண்டு உடையாமல் வந்தால்தான் அதற்கு உயர்ந்த விலை. கத்தி ஒரு நூலளவு ஆழமாகப் போனால் அது இரண்டாகிவிடும். கீழ்த் தரத்துப் பாத்திரத்தில் சேர்க்க வேண்டியதுதான். சதையோடு ஓட்டுச் சில்லு ஒன்றும் வரக்கூடாது.

நான் அப்படி உட்கார்ந்த முதல் நாளில், பக்கத்தில் இருந்த வேதாளை ஊர் அக்கா நான்கு தட்டுகளை நிரப்பிய நேரத்தில் என் தட்டில் பாதிகூட நிரம்பவில்லை; மதியத்துக்குள் கட்டைவிரல் மரத்துப்போனது. அந்த வலியைப் பட்ட பிறகு "கொஞ்சம் சீக்கிரம் எடுங்க" என்ற சொல் என் வாயில் எளிதாக வரவில்லை. இந்த மூன்று நாளில் தெரியாததைத் தெரியாது என்று கேளுங்கள். கற்றுக்கொடுத்தவர்களின் பெயரை நினைவில் வைத்து, மூத்தவர்களை அக்கா என்றும், மரைக்காயர்பட்டினத்துப் பெண்களை அவர்கள் வழக்கப்படி லாத்தா என்றும் அழையுங்கள். "ஏம்மா", "இந்தாம்மா" என்று பொதுவாகக் கூப்பிடும் பழக்கத்தை முதல் நாளிலேயே விட்டுவிடுங்கள்.

தராசு, தண்ணீர், கழிப்பறை

கிலோக் கணக்கில் கூலி வாங்குகிறவருக்குத் தராசுதான் நீதிமன்றம். சதையை வைப்பதற்கு முன் வெறும் தட்டை வைத்து, தராசு பூஜ்யம் காட்டுவதை அவரே பார்க்கும்படி செய்யுங்கள். எடையைச் சத்தமாகச் சொல்லி, உங்கள் நோட்டிலும் அவர் கையில் கொடுக்கும் துண்டுச் சீட்டிலும் எழுதுங்கள். இதற்குக் கூடுதலாக ஆகும் நேரம் ஆளுக்கு அரை நிமிடம். நான் சேர்ந்த ஒரு கம்பெனியில் தட்டின் எடையைக் கழிப்பதில் பல மாதங்களாகச் சந்தேகம் இருந்தது. யாரும் வாய்விட்டுக் கேட்டதில்லை. சீட்டு கொடுக்கத் தொடங்கிய இரண்டாவது வாரத்தில்தான் அவர்கள் அதை என்னிடம் சொன்னார்கள். தராசைப் பற்றிய சந்தேகம் உள்ளே இருக்கும்வரை நீங்கள் பேசும் எந்த நல்ல வார்த்தையும் அவர்கள் காதில் ஏறாது.

அடுத்தது கழிப்பறை. இதை எழுதக் கூச்சப்படத் தேவையில்லை. காலை ஆறு மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்பும் பெண்கள், கம்பெனிக் கழிப்பறை அசுத்தமாக இருந்தால் மாலை வரை தண்ணீர் குடிக்காமல் வேலை செய்கிறார்கள். மே மாத வெக்கையில் இதன் விளைவு என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. எனவே தினமும் காலையில் நீங்கள் முதலில் விசாரிக்கவேண்டிய இடம் அதுதான்: தண்ணீர் வருகிறதா, தாழ்ப்பாள் விழுகிறதா, சோப்பு இருக்கிறதா, குப்பைக்கூடை இருக்கிறதா என்று கேட்டு, குறை இருந்தால் அன்றே சரிசெய்ய வையுங்கள். குடிநீர் வைக்கும் இடம் கழிப்பறையிலிருந்தும் கழுவுமிடத்திலிருந்தும் ஆறு மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும் என்றும், நின்றுகொண்டே வேலை செய்பவர்கள் இடையிடையே உட்கார வசதி வேண்டும் என்றும் 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டமே எழுதி வைத்தது. கடைகளில் நிற்கும் பணியாளர்களுக்கு இருக்கை தரவேண்டும் என்று தமிழ்நாடு 2021-இல் சட்டத் திருத்தம் கொண்டுவந்தது. இவற்றை உங்கள் பெருந்தன்மை போலச் சொல்லிக்கொள்ளாதீர்கள். அவை அவர்களுடைய உரிமை.

செய்தி வரும் வழியைத் திறந்து வைப்பது

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள். நான் பொறுப்பேற்ற இரண்டாவது கோடையில் நடந்தது இது.

ஐஸ் பெட்டிகளைக் கவனித்துவந்த அக்கா ஒருவர், ஒரு நாள் மாலை கிளம்பும் நேரத்தில் என் மேசைக்கு வந்து, "தம்பி, நாளைக்கு ஐஸ் காணாது போல இருக்கு" என்றார். நான் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். தலை நிமிராமல், "அதெல்லாம் எனக்குத் தெரியும்க்கா, நீங்க போங்க" என்றேன். மறுநாள் ஐஸ் வண்டி வழியில் பழுதாகி நின்றுவிட்டது. எடுத்த சதையை 4 டிகிரி செல்சியஸுக்குக் கீழே வைத்திருக்க வேண்டிய இடத்தில் மேல்தட்டுகள் வெதுவெதுப்பாகிவிட்டன. அன்றைய சதையில் பெரும் பகுதியைக் கழிக்க வேண்டியதாயிற்று. முதலாளி கேட்டபோது ஐஸ் வண்டியின் மேல் பழியைப் போட்டேன். அந்த அக்கா அருகில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார், ஒன்றும் பேசவில்லை.

அதற்குப் பிறகு அவர் என்னிடம் எதையும் சொல்வதை நிறுத்திக்கொண்டார். மரியாதையில் குறை இல்லை, வேலையில் குறை இல்லை. ஐஸ் குறைந்தாலும், பெட்டியின் மூடி உடைந்தாலும், நானாகப் போய்ப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியதாயிற்று. கழித்த சதையின் நஷ்டம் ஒரு வாரத்தில் மறந்துபோனது. அவருடைய மௌனம் ஏறக்குறைய நான்கு மாதம் நீடித்தது. கடைசியில் எல்லோரும் இருக்கும்போதே, "அன்னைக்கு நீங்க சொன்னதை நான் கேட்டிருக்கணும்க்கா, தப்பு என்னோடது" என்று சொன்னேன். அவர் சிரிக்கவில்லை, "சரி தம்பி" என்று மட்டும் சொன்னார். மூன்று நாள் கழித்து, வடிகால் அடைத்திருப்பதாக என்னிடம் வந்து சொன்னார்.

ஏமி எட்மண்ட்சன் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1990-களில் மருத்துவமனைச் செவிலியர் குழுக்களை ஆராய்ந்தார். நல்ல குழுக்களில் மருந்து கொடுப்பதில் தவறுகள் குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தவருக்கு, நன்றாக நடத்தப்பட்ட குழுக்களின் பதிவேட்டில்தான் தவறுகள் கூடுதலாகத் தெரிந்தன. அந்தக் குழுக்களில் இருந்தவர்கள் பயமில்லாமல் தவறை வெளியே சொன்னார்கள். மற்றக் குழுக்களில் மறைத்தார்கள் என்பதுதான் காரணம். எனவே உங்கள் கொட்டகையில் ஒரு மாதமாக ஒரு குறையும் உங்கள் காதுக்கு வரவில்லை என்றால் மகிழ்ச்சி அடையாதீர்கள். செய்தி எங்கே நிற்கிறது என்று தேடுங்கள்.

செய்யவேண்டியது இவ்வளவுதான். ஒருவர் குறை சொல்ல வரும்போது கையில் உள்ள வேலையைக் கீழே வைத்துவிட்டு முகம் பார்த்துக் கேளுங்கள். முதல் வார்த்தையாக "ஏன் அப்படி ஆச்சு" என்று கேட்காதீர்கள். அது விசாரணை போல ஒலிக்கும். "நல்ல வேளை சொன்னீங்க, இப்ப என்ன செய்யலாம்" என்று கேளுங்கள். சொன்ன குறை சரியானபின் சொன்னவரிடம் போய், "ஆள் வந்து சரி பண்ணிட்டாங்கக்கா" என்று தெரிவியுங்கள். சரிசெய்ய முடியாவிட்டால் அதையும் காரணத்தோடு தெரிவியுங்கள். சொன்னது கிணற்றில் போட்ட கல்லாகிவிட்டால் இரண்டாவது முறை யாரும் சொல்ல மாட்டார்கள்.

மறைத்த காயம்

நண்டு ஓடும் முள்ளும் விரலைக் கிழிப்பது அன்றாடம் நடப்பது. காயம்பட்ட கையோடு சதையைத் தொடக்கூடாது என்பது சுகாதார விதி. அதில் இரண்டு பேச்சு இல்லை. ஆனால் விதியைப் படித்துவிட்டு, காயம்பட்டவரை வீட்டுக்கு அனுப்புவதைப் பல கம்பெனிகளில் வழக்கமாக வைத்திருக்கிறார்கள். வீட்டுக்கு அனுப்பினால் அன்றைய கூலி போய்விடும். அதனால் என்ன நடக்கிறது என்பதை ஒரு மதியம் கண்ணால் பார்த்தேன்: புதுமடத்திலிருந்து வரும் ஒரு பெண் கையுறையைக் கழற்றியபோது, உள்ளே ஆள்காட்டி விரலில் துணிக்கிழிசல் ஒன்று ரத்தத்தில் ஊறி ஒட்டியிருந்தது. காலையிலேயே வெட்டிவிட்டது என்று அழுதுகொண்டே சொன்னார்.

அவரைத் திட்டுவது எளிது. ஆனால் உண்மையைச் சொன்னால் கூலி போகும் என்ற ஏற்பாட்டை வைத்திருந்தவர்கள் நாங்கள். மறுநாளிலிருந்து, காயத்தைச் சொன்னவருக்கு மருந்து போட்டு, சீட்டு ஒட்டுவது, எடை எழுதுவது, பெட்டி எண்ணுவது போன்ற வேலையை, அவருடைய சராசரிக்கு ஏறக்குறைய ஒத்த நாள் கூலியில் கொடுக்க முதலாளியிடம் பேசி ஒப்புக்கொள்ள வைத்தோம். ஒரு லாட், அதாவது ஒரே தொகுதியாக அனுப்பிய சரக்கு, திரும்பி வந்தால் ஆகும் செலவைக் கணக்குப் போட்டுக் காட்டியதும் அவர் மறுக்கவில்லை. இந்த ஏற்பாட்டை உங்கள் இடத்தில் முதல் மாதத்திலேயே கேட்டு வாங்குங்கள்.

பெரிய நண்டு யாருக்கு

கிலோக் கூலி இருக்கும் இடத்தில் சண்டை வருவது பெரும்பாலும் நண்டின் அளவில்தான். பெரிய நண்டில் சதை சீக்கிரம் சேரும்; சிறு நண்டில் அதே எடைக்கு இரண்டு மடங்கு நேரம் உட்கார வேண்டும். கூடை உள்ளே வரும் வாசலுக்குப் பக்கத்தில் உட்காருபவருக்குப் பெரியது கிடைக்கிறது. மூலையில் இருப்பவருக்கு மிச்சம் வருகிறது. இதைக் கவனிக்காத மேற்பார்வையாளர் எவ்வளவு இனிமையாகப் பேசினாலும் அநியாயக்காரர்தான். நண்டை அளவு பிரித்துக் கலந்து பங்கிடுங்கள், இல்லையென்றால் உட்காரும் இடத்தை வாரம் ஒருமுறை மாற்றுங்கள். மாற்றும் முறையை நீங்களே தீர்மானிக்காமல், மேசைக்கு ஒருவரை அழைத்து அவர்களையே பேசி முடிவு செய்யச் சொல்லுங்கள். நான் போட்ட மூன்று திட்டங்கள் தோற்றன. அவர்கள் போட்ட முதல் திட்டம் இன்றும் நடக்கிறது.

நோன்பு மாதத்தில் நோன்பு பிடிப்பவர்களை ஆவி அடுப்புக்குப் பக்கத்தில் நிறுத்தாதீர்கள், மாலையில் முதல் வேனில் அனுப்புங்கள். மாதா கோவில் திருவிழாவுக்கும் ஊர்ப் பொங்கலுக்கும் அதே கணக்கில் விடுப்பு கொடுங்கள். ஒரு ஊர்க்காரருக்குக் கொடுத்துவிட்டு இன்னொரு ஊர்க்காரருக்கு மறுத்தீர்கள் என்றால் அது வேன் கிளம்புவதற்குள் கொட்டகை முழுவதும் தெரிந்துவிடும்.

கண்டிப்பும் வேண்டும்

பணிவானவர் எதையும் கண்டுகொள்ள மாட்டார் என்று எடுத்துக்கொள்ளும் சிலர் எல்லா இடத்திலும் இருப்பார்கள். வளையல், மோதிரம், நகப்பூச்சு, கை கழுவாமல் உள்ளே வருவது ஆகியவற்றில் யாருக்கும் சலுகை கிடையாது. உங்கள் சொந்தக்காரருக்கும் முதலாளியின் வீட்டாருக்கும் கிடையாது, முதலில் உங்களுக்கே கிடையாது. தவறைச் சொல்லும்போது மட்டும் இரண்டைக் கடைப்பிடியுங்கள். தனியே அழைத்துச் சொல்லுங்கள். தவறைப் பற்றிப் பேசுங்கள், ஆளைப் பற்றிப் பேசாதீர்கள். "உங்க தட்டுல இன்னைக்கு மூணு சில்லு வந்திருக்குக்கா, கத்தி மழுங்கிருச்சா?" என்று கேட்டால் பெரும்பாலும் கத்தி மழுங்கித்தான் இருக்கும், சில நாள் வீட்டில் பிள்ளைக்குக் காய்ச்சலாக இருக்கும்.

ஒரு விஷயத்தை மட்டும் நீங்களே பேசித் தீர்க்க முயலக்கூடாது. பாலியல் தொல்லை பற்றிய புகார் வந்தால், அதை ஊர்ப் பஞ்சாயத்துப் போல இரு பக்கத்தையும் உட்கார வைத்து முடிப்பது பெரும் தவறு. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும் என்று 2013-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது; குழு இல்லாத சிறிய இடங்களுக்கு மாவட்ட அளவில் உள்ளூர்ப் புகார்க் குழு உண்டு. புகார் சொன்னவரை அங்கே கொண்டுசேர்ப்பதும், அதனால் அவருடைய வேலைக்குக் கெடுதல் வராமல் காப்பதும் உங்கள் கடமை.

மேலே இருந்து வரும் அடி

நீங்கள் இரண்டு பக்கமும் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான். ஒரு லாட் கெட்டுப்போனால் முதலாளியோ மேனேஜரோ "யார் செய்தது" என்று கேட்பார். ராமேசுவரத்தில் பிறந்த அப்துல் கலாம் பல மேடைகளில் திரும்பத் திரும்பச் சொன்ன ஒரு நிகழ்ச்சி இங்கே உங்களுக்கு உதவும். 1979 ஆகஸ்ட் 10 அன்று ஏவப்பட்ட முதல் எஸ்.எல்.வி.-3 ராக்கெட் வங்கக் கடலில் விழுந்தது. பத்திரிகையாளர்கள் முன்னால் இஸ்ரோ தலைவர் சதீஷ் தவான் தாமே பொறுப்பேற்றுப் பேசினார். 1980 ஜூலை 18 அன்று அதே வகை ராக்கெட் வெற்றி பெற்றபோது, பேசுவதற்குக் கலாமை அனுப்பினார். இதைச் சொல்பவர்கள் பலரும் விட்டுவிடும் ஒரு செய்தி உண்டு: முதல் முறை கணினி ஏவுதலை நிறுத்தச் சொன்ன பிறகும், வல்லுநர்களின் கருத்தைக் கேட்டு மேலே போகலாம் என்று முடிவு செய்தவர் திட்ட இயக்குநராக இருந்த கலாம்தான். தவறான முடிவு எடுத்தவரின் முன்னால்தான் தவான் கேடயமாக நின்றார். ஒரு தவறும் செய்யாதவரைக் காப்பாற்றுவதைவிட இது கடினம்.

நம் அளவில் இதற்கு அர்த்தம், முதலாளியிடம் "என் பிரிவில் நடந்தது, நான் கவனித்திருக்க வேண்டும், இன்னின்ன மாற்றம் செய்கிறேன்" என்று சொல்லிவிட்டு, பிறகு உள்ளே வந்து, சம்பந்தப்பட்டவரோடு என்ன நடந்தது என்று விவரமாகப் பேசுவது. பாராட்டு வரும்போது வரிசையைத் திருப்பிப் போடுங்கள்: வேலையைச் செய்தவரின் பெயரை முதலாளியின் முன்னால் முழுமையாகச் சொல்லுங்கள்.

உங்கள் வேலையில் ஒரு பகுதியைக் கொடுத்துவிடுங்கள்

ஏடி அண்ட் டி தொலைபேசி நிறுவனத்தில் 38 ஆண்டுகள் வேலை பார்த்த ராபர்ட் கிரீன்லீஃப், தொண்டராக இருக்க விரும்புபவரே நல்ல தலைவர் ஆகிறார் என்ற கருத்தை 1970-இல் முன்வைத்தார். அப்படிப்பட்ட தலைவரை அடையாளம் காண அவர் வைத்த சோதனை எனக்குப் பிடிக்கும்: அவரிடம் வேலை செய்பவர்கள் மனிதர்களாக வளர்கிறார்களா என்பதே அது. ஆறாவது மாதத்தில் உங்களை நீங்களே இப்படிச் சோதித்துப் பாருங்கள். நீங்கள் ஒரு நாள் வராவிட்டால் தராசைப் பிடிக்கவும், வெப்பநிலைப் பதிவேடு எழுதவும், ஐஸ் வண்டிக்குப் போன் செய்யவும் ஆள் இருக்கிறார்களா? எழுதப் படிக்கத் தெரியாதவர்கூட வெப்பமானியின் எண்ணைப் பார்த்து எழுத ஒரு வாரத்தில் கற்றுக்கொள்வார், நான் கற்றுக்கொடுத்திருக்கிறேன். கொடுத்த பொறுப்பில் நாளுக்கு நான்கு முறை எட்டிப் பார்த்துத் திருத்தாதீர்கள். அதற்கு உரிய கூடுதல் பணத்தையும் கேட்டு வாங்கிக் கொடுங்கள். பொறுப்பு மட்டும் ஏறி கூலி ஏறாவிட்டால் அது சுரண்டல்.

தடைக்காலமும் முந்தைய இரவும்

மீன்பிடித் தடைக்காலமான ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. நாட்டுப்படகுகள் போவதால் நண்டு வரத்து அடியோடு நின்றுவிடாது. ஆனால் உங்கள் மேசையில் உட்காரும் பல பெண்களின் கணவர்கள் விசைப்படகில் போகிறவர்கள். அந்த இரண்டு மாதமும் வீடு அந்தப் பெண்ணின் கூலியில்தான் நடக்கிறது. ஆகவே மார்ச் மாதத்திலேயே ஒவ்வொருவரோடும் பத்து நிமிடம் தனியாக உட்கார்ந்து, எத்தனை நாள் வர முடியும், அட்வான்ஸ் தேவைப்படுமா, பள்ளி திறக்கும்போது என்ன செலவு இருக்கிறது என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். சரக்கு குறையும் நாளில் ஆளைக் குறைக்க வேண்டியிருந்தால் இந்த நோட்டைப் பார்த்து முறை வைத்துப் பிரியுங்கள்.

கெட்ட செய்தி உங்களிடம் சீக்கிரம் வரவேண்டும் என்று எதிர்பார்க்கும் நீங்கள், உங்களிடம் இருக்கும் கெட்ட செய்தியையும் அவர்களுக்குச் சீக்கிரம் சொல்ல வேண்டும். காற்று எச்சரிக்கை வந்து படகுகள் கரையில் நிற்கும் நாளில், விவரம் தெரியாமல் இருமேனியிலிருந்து ஷேர் ஆட்டோவுக்குக் காசு கொடுத்து வந்து, பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பும் பெண்களை நான் பார்த்திருக்கிறேன். மாலையில் படகுக்காரர்களிடம் கேட்டுவிட்டு, இரவு எட்டு மணிக்குள் "நாளைக்குச் சரக்கு இல்லை" என்று வாட்ஸ்அப்பில் குரல் பதிவாகவே போடுங்கள், படிக்கத் தெரியாதவருக்கும் புரியும். போன் இல்லாதவர்களுக்கு அவர்களுடைய தெருவில் இருக்கும் ஒருவரைச் சொல்லி அனுப்புங்கள். போய்ச் சொல்லிவிட்டாரா என்று படுக்கப் போவதற்கு முன் ஒரு முறை கேட்டுவிடுங்கள்.